ஊற்றுக்கண்ணும் உடைமையும்: தென்னார்க்காட்டுத் தண்ணீர் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஓர் ஏரிக்கரையில் தொடங்குகிறது. 1950இல் தொடராக வரத் தொடங்கிய அந்நாவலின் முதல் அத்தியாயத்தில், ஆடிப்பெருக்கு நாளன்று, வந்தியத்தேவன் வீரநாராயண ஏரியின் கரைமீது குதிரையில் வருகிறான். கடல்மாதிரி பரந்து கிடக்கும் தண்ணீரையும் மதகுகளையும் பெருக்குக்குக் கூடிய ஜனங்களையும் கண்டு மலைத்துப்போகிறான். வீராணம் என்றதும் தமிழ் வாசகர் மனசில் எழுவது இன்றைக்கும் இந்தக் குதிரைக்காரனின் பார்வைதான். கரைமேலிருந்து பார்க்கிற பார்வை. கீழே இறங்கி வாய்க்காலில் நின்று பார்த்தால் தெரிகிற விஷயங்கள் வேறு. எந்த மதகு எப்போது திறக்கும், திறக்கிற ஆள் யார், யார் வயலுக்கு முதலில் பாயும், யார் வயலுக்கு வராமலே போகும். இவையெல்லாம் நம்முடைய வரலாற்று எழுத்தில் சில்லறை விஷயங்கள். ஏரியை வெட்டியவன் பெயர் தெரிந்தால் போதும் என்று அது திருப்திப்பட்டுக்கொள்கிறது.

முதலாம் பராந்தகன் காலத்தில் (907-955) வெட்டப்பட்டு, அவனுடைய பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதையே தாங்கியது இந்த ஏரி. அதே பராந்தகனின் ஆட்சியில், 919இலும் 921இலும், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் நம் மேடைகளில் 'சோழர்கால ஜனநாயகம்' என்று கொண்டாடப்படுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரிவாரியம். ஆனால் அந்தக் குடத்துக்குள் யார் பெயர் எழுதிய ஓலை விழலாம்? வரி செலுத்தும் கால்வேலி நிலமாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். அதாவது ஏரியை நிர்வகிக்கும் உரிமை, நிலம் வைத்திருக்கும் பிராமண ஆணின் உரிமை. ஏரியில் மண் சுமந்தவனுக்குக் குடமும் இல்லை, ஓலையும் இல்லை.

வீராணத்துக்கு வெகு தொலைவில் இல்லாத ஆதனூர்தான் நந்தனின் ஊராகச் சொல்லப்படுவது. கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய கீர்த்தனையில், சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனிடம் ஆண்டை நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார். ஒரே இரவில் பயிர் விளைந்துவிடுகிறது. இதைப் பக்தியின் அற்புதமாகவே படித்துவந்திருக்கிறோம். வேறுவிதமாகவும் படிக்கலாம். நாற்பது வேலிக்குத் தண்ணீர் பாய்ச்சி, நாற்று நட்டு, களையெடுத்து, அறுக்கிற அத்தனை பேரின் உழைப்பையும் அந்தக் கதை ஒரே இரவில் காணாமல் அடித்துவிடுகிறது. சேரி உழைத்தது, பெயர் தெய்வத்துக்குப் போயிற்று.

ஆகவே தண்ணீர் யாருடையது என்று கேட்கும்போது, 'முன்பெல்லாம் ஊர்ப் பொதுவாக இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்' என்கிற வசதியான கதையாடலை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். கெடுத்தான்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவன் கெடுத்தது எதை என்று நிதானமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

2

கொள்ளிடத்தில் 1836இல் கீழணை கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வருகிறது. வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து நஞ்சைகளுக்குப் பாய்கின்றன. வீராணத்து ஆயக்கட்டு மட்டும் 44,856 ஏக்கர் என்பது பொதுப்பணித்துறைக் கணக்கு. இத்தனை ஏக்கருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் போவதில்லை. தலைமடை, கடைமடை என்கிற வரிசை உண்டு. வரிசை இருக்கிற இடத்தில் முறை வேண்டும்.

'முறை' என்கிற சொல்லை நம் விவசாயிகள் பயன்படுத்தும் விதத்தைக் கவனிக்கவேண்டும். விதி, ஒழுங்கு, நியாயம், தன் பங்கு வரும் நேரம், உறவு எல்லாமே முறைதான். 'இது எம் மொற' என்று ஒருவர் மண்வெட்டியோடு மடையில் நிற்கும்போது அவர் சொத்துரிமை பேசவில்லை. ஒரு வரிசையில் தனக்குள்ள இடத்தைச் சொல்கிறார். பங்காளிகள் பொதுவாக வைத்திருந்த கிணறுகளிலும் இதுதான் வழக்கம். கிணற்றில் நாலில் ஒரு பாகம், இத்தனை நாளைக்கு ஒருமுறை இறவைப் பாத்தியம் என்று பழைய கிரயப் பத்திரங்களில் எழுதியிருக்கும். கவலை போய், ஆயில் எஞ்சின் வந்து, கரண்ட் மோட்டார் வந்த பிறகும் மோட்டார் முறை என்று அது தொடர்ந்தது. தண்ணீரை இங்கே யாரும் மொத்தமாகச் சொந்தம் கொண்டாடவில்லை. நேரத்தைத்தான் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கம்பெனி ஆட்சியும் பிரிட்டிஷ் அரசும் இந்த முறையை ஒழிக்கவில்லை. தங்களுக்கு ஏற்ற மாதிரி பதிவு செய்துகொண்டார்கள். வாய்ச்சொல்லாக இருந்தது 'மாமூல்' ஆகி ரிகார்டுக்குள் போயிற்று. எந்தச் சர்வே நம்பருக்கு எந்த ஏரி ஆதாரம் என்று எழுதப்பட்டது. புஞ்சைக்குத் தண்ணீர் பாய்ந்தால் தீர்வை ஜாஸ்தி, இரண்டாம் போகம் எடுத்தால் பசலி ஜாஸ்தி. 1865இல் நீர்வரிக்கென்றே மதராஸில் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1858இல், குடிமராமத்து வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்தச் சட்டம் போட்டார்கள். பங்கு பதிவாகியது நிலத்துக்காரன் பெயரில்; கட்டாயம் விழுந்தது உடம்பால் வேலை செய்கிறவன்மேல். வழக்காற்றிலிருந்து உரிமை ஒரு பக்கமும் கடமை இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து போனது இப்படித்தான்.

இங்கே நாம் ரொமாண்டிக்காக ஆகிவிடக் கூடாது. மடை திறந்து பாய்ச்சுகிற ஆளுக்கு நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் உண்டு. பல ஊர்களில் அவர் தலித். ராத்திரி ராத்திரியாக வரப்பில் திரிந்து, பாம்புக்கடிக்கும் பயப்படாமல், யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று கணக்கு வைத்திருந்தவர். ஒரு சொட்டுத் தண்ணீரின்மீதும் அவருக்குப் பாத்தியம் கிடையாது. ஏனென்றால் ஆயக்கட்டில் அவருக்கு நிலம் இல்லை. களத்துமேட்டில் அவருக்கு அளந்த நெல்லுக்கு 'சுதந்திரம்' என்று பெயர் இருந்தது என்பது வரலாற்றின் குரூரமான நகைச்சுவை.

அதனால்தான் முறையைப் பொதுவுடைமை என்று சொல்ல எனக்குத் தயக்கம். நிலம் வைத்திருந்தவர்களுக்குள் அது ஒரு நியாயம். அவர்களுக்கு வெளியே அது ஒரு மதில்.

3

இனி லங்காஷயருக்குப் போகவேண்டியிருக்கிறது. சிதம்பரத்துக்கும் லங்காஷயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இங்கே நிலத்தடி நீர்பற்றி எந்தக் கோர்ட்டில் வழக்கு நடந்தாலும் அதன் வேர் போய் நிற்கிற ஊர் அதுதான்.

1821இல் அங்கே ஒரு பஞ்சாலைக்காரர் தன் ஆலைக்காகக் கிணறு வெட்டினார். 1837இல் முக்கால் மைல் தள்ளி இன்னொருவர் நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டினார்கள். கிணற்றில் தண்ணீர் குறைந்தது. மூன்று வருஷம் கழித்து இன்னும் கிட்டத்தில் இரண்டாவது சுரங்கம். கிணறு ஆலைக்குப் போதாமல் போய்விட்டது. ஆலைக்காரர் வழக்குப் போட்டார். ஆக்டன் எதிர் பிளண்டெல் என்கிற அந்த வழக்கில் 1843இல் தீர்ப்பு வந்தது. நிலம் யாருடையதோ அதன் அடியில் உள்ளதெல்லாம் அவனுடையது. அவன் தன் நிலத்தில் தோண்டுவதால் பக்கத்துக் கிணறு வற்றினால் அது நஷ்டம்தான், ஆனால் சட்டம் கேட்கக்கூடிய குற்றம் அல்ல.

ஆற்றுநீர் விஷயத்தில் ஆங்கிலச் சட்டம் இப்படிப் பேசியதில்லை. ஆற்றோரத்தில் இருப்பவன் கீழே இருப்பவனுக்கு விட்டுத்தான் எடுக்கவேண்டும். நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாதது, எப்படி ஓடுகிறதென்று யாருக்கும் தெரியாது, ஆகவே அதற்கு ஆற்றின் விதி பொருந்தாது என்று நீதிபதிகள் வாதிட்டார்கள். அறியாமையை அடித்தளமாக வைத்து ஓர் உரிமை கட்டப்பட்டது. அறிவு அதிகாரமாவதைப்பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நிறைய எழுதியிருக்கிறோம். அறியாமையும் அதிகாரமாகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். நீரியல் விஞ்ஞானம் வளர்ந்து, நிலத்தடியில் எந்தப் படுகையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படம் போட்டுக் காட்டுகிற காலம் வந்த பிறகும் சட்டம் தன் அறியாமையை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தத் தீர்ப்புக்கு ஓராண்டு முன்பு, 1842இல், ரைன்லாந்தில் இளைஞரான மார்க்ஸ் விறகுத் திருட்டுச் சட்டம்பற்றிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். காட்டில் சுள்ளி பொறுக்குவது ஏழைகளின் வழக்காற்று உரிமை. அதைத் திருட்டு என்று சட்டம் பெயர் மாற்றுகிறது. அதை எதிர்த்து எழுதும்போது மார்க்ஸ் ஒரு வேறுபாடு செய்கிறார். வழக்காறு என்பதெல்லாம் ஒன்றல்ல. மேட்டுக்குடியினரின் வழக்காறு சலுகை. இல்லாதவர்களின் வழக்காறுதான் உரிமை. நம் ஆயக்கட்டுகளைப்பற்றி யோசிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

1882இல் இந்திய வசதியுரிமைச் சட்டம் வந்தது. கோர்ட்டில் ஈஸ்மெண்ட் சட்டம் என்றால்தான் புரியும். முதலில் அது அமலான மூன்று பகுதிகளில் மதராஸ் மாகாணமும் ஒன்று. அதன் 7ஆம் பிரிவின்கீழ் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு ஒன்றில் ஆக்டன் வழக்கின் சாரம் நாலு வரியில் அடங்கிவிட்டது. வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரையெல்லாம் நிலச் சொந்தக்காரன் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம், இஷ்டம்போல் கையாளலாம். அவ்வளவுதான். முறை இல்லை, நேரம் இல்லை, கடைமடை இல்லை. அளவும் இல்லை.

4

நெய்வேலியின் கதை ஒரு கிணற்றிலிருந்து தொடங்குகிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. பிறகு நடந்த ஆய்வுகளில் அது பழுப்பு நிலக்கரி என்று உறுதியாகி, 1956இல் நிறுவனம் உண்டாகி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி கண்ணில் பட்டது. தண்ணீர் தேடியவன் கரியைக் கண்டான். அதற்குப் பிறகு கரி தேடியவன் தண்ணீரை என்ன செய்தான் என்பதுதான் விஷயம்.

கடலூர் மணற்கல் என்றே பூகோளவியலில் பெயர் பெற்ற அந்தப் படிவத்தில், கரிக்குக் கீழே, அழுத்தத்தில் அடைபட்ட நீர்ப்படுகை இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோவரை மேல்நோக்கி அழுத்தம். துளை போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்த ஊர்கள் அந்தப் பக்கம் இருந்தன. ஆர்ட்டீசியன் என்பது படிக்காத விவசாயியும் உச்சரித்த சொல். இதே அழுத்தம் சுரங்கத்துக்கு எமன். அழுத்தத்தைக் குறைக்காமல் கரியை வெட்டினால் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு தண்ணீர் புகுந்துவிடும். ஆகவே இரவு பகலாக, வருஷம் முழுக்க, பம்பு ஓடவேண்டும். நிறுத்தவே முடியாது. கரிக்கு முன்னால் அங்கே வெட்டியெடுக்கப்படுவது தண்ணீர்தான்.

லங்காஷயர் வழக்கு அப்படியே தென்னார்க்காட்டில் நடந்தது. அதே நிலக்கரி, அதே கிணறு. ஒரு வித்தியாசம், இங்கே வழக்கே தேவைப்படவில்லை. தீர்ப்பு 1882லேயே எழுதியாகிவிட்டது. நிலத்தை எடுத்தால் நிலத்துக்கு விலை, மரத்துக்கு விலை, கிணற்றுக்கு அதைக் கட்டிய செலவுக்கேற்ப விலை. தண்ணீர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. எடுத்த எல்லைக்கு வெளியே இருப்பவன் கிணறு இறங்கினால் அவன் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. அவன் நிலத்தை யாரும் தொடவில்லையே!

விவசாயிகள் என்ன செய்தார்கள்? ஆழப்படுத்தினார்கள். கிணற்றுக்குள் போர், அப்புறம் தனிப் போர், அப்புறம் சப்மெர்சிபிள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1989க்குப் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்துத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கொடுத்துப் போராடியவர்களின் நெடுநாள் கோரிக்கை அது. அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் விளைவைப் பேசாமல் இருக்கவும் முடியாது. ஊரில் 100 அடி போர் போட்டவனை 300 அடி போட்டவன் வற்றடித்தான். கரும்புக்காரனின் மோட்டார் ஓடிய இடத்தில் கால் காணி மணிலாக்காரனின் கிணறு காய்ந்தது. ஆக்டன் வழக்கை ஒவ்வொரு வரப்பிலும் நாமே நடத்தினோம். மேலே சுரங்கம் எங்களுக்குச் செய்கிறது அநியாயம் என்றவர்கள், கீழே பக்கத்து நிலத்துக்காரனுக்குச் செய்வதைத் 'எம் நெலம், எம் போரு' என்றார்கள். மடையில் 'மொற' என்று பேசிய அதே வாய்தான். பங்காளிக் கிணறு இருந்தவரை நிலத்தடி நீரிலும் முறை இருந்தது. தனிப் போர் வந்ததும் அது செத்தது.

இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. அங்கே பாசனம் நடக்கிறது. மேலே கிணற்றை இழந்தவனும் கீழே ஏரி நிரம்பியவனும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகள். ஒருவனுக்கு நஷ்டஈடு கிடையாது. மற்றவனுக்கும் உரிமை கிடையாது. சுரங்கம் விடுகிறவரை வரும், அவ்வளவுதான். மாமூலாக இருந்தது தயவாக மாறிவிட்டது. இந்த இருவரையும் ஒரே மேடையில் நிற்கவைக்க முடியாமல் போனது நம் இயக்கங்களின் தோல்வி.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எங்களுடையது என்பது நிறுவனத்தின் வாதம். காகிதப்படி சரி. பயிர் வைத்தவனின் வாதத்துக்குக் காகிதத்தில் இடமில்லை.

5

பட்டணம் இந்த நீரைத் தேடி வந்தது தனிக்கதை. 1960களின் இறுதியில் வீராணத்திலிருந்து சென்னைக்குக் குழாய் என்று தொடங்கிய திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. சர்க்காரியா கமிஷன் விசாரித்த புகார்களில் ஒன்றாக அது முடிந்தது. சாலையோரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த ராட்சதக் குழாய்களுக்குள் வீடற்றவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். தண்ணீர்த் திட்டத்தால் அப்போது பலன் கண்டவர்கள் அவர்கள் மட்டும்தான். 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறி, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அளவுக்குத் திட்டமிட்டு, சுமார் 230 கிலோமீட்டர் தூரத்துக்குக் குழாய் போயிற்று. ஏரியில் நீர் இல்லாத காலத்துக்கென்று வழியில் ஆழ்குழாய்க் கிணறுகளும் போடப்பட்டன.

குடிநீர் என்று சொன்னவுடன் விவசாயி வாயடைத்துப் போகிறார். தாகத்துக்கு எதிராக யார் பேச முடியும்? ஆனால் சென்னைக்கென்று 1987லேயே தனி நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. அங்கே உறிஞ்ச அனுமதி வேண்டும். தமிழ்நாடு முழுமைக்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் 2003இல் நிறைவேறி, நடைமுறைக்கு வராமலே 2013இல் ரத்தானது. நகரத்தின் அடிநீர் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதற்குத் தண்ணீர் கொடுக்கும் மாவட்டத்தின் அடிநீருக்கு 1882தான் காவல்.

2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்தது. அதில் 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம், தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. இந்த இடத்தை நிதானமாகப் படிக்கவேண்டும். கிணறு வற்றியவன் போய்க் கேட்டால், நிலத்தடி நீர் தனியார் சொத்து, தலையிட முடியாது. மேலே இருந்து வரும் ஆற்றைக் குறைக்கும்போது அதே நீர் மாநிலத்தின் பொதுக் கையிருப்பாகிவிடுகிறது. பரங்கிப்பேட்டைப் பக்கம் உப்பேறிய கிணற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைமடைக்காரன் எந்தக் கணக்கில் வருகிறான்?

கேரளத்தில் பிளாச்சிமடா வழக்கிலும் இரண்டு பதில்கள் வந்தன. நிலத்தடி நீர் மக்களுக்காக அரசு காக்கவேண்டிய பொறுப்புச் சொத்து என்று 2003இல் தனி நீதிபதி சொன்னார். நிலச் சொந்தக்காரர் நியாயமான அளவு எடுக்கலாம் என்று 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு மாற்றியது. முதல் தீர்ப்பை நாம் வரவேற்றோம், சரிதான். ஆனால் நெய்வேலியில் பம்பு ஓட்டுவதும் அரசு நிறுவனம்தானே? சொத்தைத் தனியாரிடமிருந்து பிடுங்கி அரசிடம் கொடுத்தால் மட்டும் தண்ணீர் பொதுவாகிவிடாது.

6

அப்படியானால் விவசாயிகளிடம் மிச்சமிருக்கிற முறை என்கிற கருத்தை என்ன செய்வது? அதைத் தூக்கிப்போட நான் சொல்லவில்லை. நம்மிடம் இருப்பதில் சொத்துரிமைக்கு மாற்றாக நடைமுறையில் வாழ்ந்து காட்டிய ஒரே சிந்தனை அது. எடுப்பவன் அடுத்தவனுக்கு விட்டு எடுக்கவேண்டும், பற்றாக்குறையில் எல்லோருக்கும் குறையவேண்டும், நேரம் முடிந்தால் மடையை விடவேண்டும். இதைச் சட்டப் புத்தகம் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சிக்கல் முறையில் இல்லை. அதன் வாசலில் நிற்கும் பட்டாவில் இருக்கிறது.

உத்திரமேரூரின் கால்வேலித் தகுதி போய்விட்டதாக நினைக்கிறோம். பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வழிசெய்யும் தமிழகச் சட்டம் 2000ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்திலும் உறுப்பினர் உரிமை நிலத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. வேதம் போயிற்று, நிலம் நிற்கிறது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை வட்டாரங்கள் இடம்பெற்றன. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே நிலக்கரி ஏலப் பட்டியல் வந்தபோது இந்தச் சட்டம் கைகொடுத்தது. பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. நல்லது. ஆனால் நிலத்தைக் காக்கிற சட்டம் நிலமில்லாதவரின் வேலையைக் காக்கச் சொல்வதில்லை. தண்ணீர் பத்து நாள் தள்ளி வந்தால் சொந்தக்காரருக்கு மகசூல் குறையும். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அந்த வருஷக் கூலியே போகும். அவள் எந்த ஆயக்கட்டிலும் இல்லை.

நாம் கோரவேண்டியவை மூன்று என்று நினைக்கிறேன். ஒன்று, 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த எடுத்துக்காட்டை நீக்கி, நிலத்தடி நீரைப் பட்டாவிலிருந்து பிரிப்பது. பெரிய நிலத்துக்காரர்கள் மட்டுமல்ல, நம் விவசாய சங்கங்களும் இதை எதிர்க்கும். அதற்குத் தயாராகவேண்டும். இரண்டு, எல்லைக்கு வெளியே கிணறு இழந்தவர்களுக்கும் சுரங்க நீரை நம்பிய ஏரிப் பாசனக்காரர்களுக்கும் சேர்த்து, தயவாக அல்லாமல் உரிமையாக, நீர்ப் பங்கை எழுதிக்கொடுப்பது. மூன்று, மதகு திறக்கும் தேதி முடிவாகும் கூட்டத்தில் கடைமடைக்காரர்களும் நிலமில்லாத கூலிகளும், குறிப்பாகப் பெண்கள், ஓட்டுரிமையோடு உட்காருவது.

மூன்றாவதுதான் கஷ்டமானது. முதல் இரண்டுக்கும் அரசாங்கத்தை எதிர்த்துப் போராடினால் போதும். மூன்றாவதற்கு ஊரை எதிர்த்து நிற்கவேண்டும். நம்மில் பலர் பேசாமல் திரும்பி வந்துவிடுவது அந்த இடத்தில்தான்.